கேப்பர் மலை 50 கி.மீ. ஓட்டத்தைத் தொடராக்குவது எப்படி?

கேள்வி: கடலூர் கேப்பர் மலைச் செம்மண் தடத்தில் நடத்தும் 50 கி.மீ. ஓட்டத்தோடு புதுச்சேரி பக்கத்து ஊசுட்டேரி ஏரியிலும் ஒரு ஓட்டம் சேர்த்துத் தொடராக்க ஆசை. என்ன கவனிக்கணும் அண்ணா?

பதில் 1: தேதிதான் முதல்ல, தம்பி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டவே வேண்டாம். மழையில் செம்மண் வழுக்கும், ஓடையில் திடீர்னு தண்ணி வரும். ஜனவரியில் வையுங்க. ஆனா அப்போ ஊசுட்டேரியில் வலசைப் பறவைகள் இருக்கும், அது சரணாலயம். கரையை விட்டுடுங்க, முந்திரித் தோப்பு வழியே போதும்.

பதில் 2: தோப்புக்குள்ள எல்லாத் தடமும் ஒரே மாதிரி தெரியும். பிரிவுக்கு முன்னால ஒரு ரிப்பன், திரும்பி 20 மீட்டரில் இன்னொண்ணு கட்டுங்க. ஆடு எட்டாத உயரம் முக்கியம், தின்னுடும்.

பதில் 3: 6 கி.மீ.க்கு ஒரு தண்ணீர்ப் பந்தல். வெறும் தண்ணியே குடிச்சுக்கிட்டிருந்தா ரத்தத்தில் சோடியம் இறங்கி குழப்பம் வரும், ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட உருளைக்கிழங்கு வையுங்க.