கருப்பட்டிக் கடை: ஐப்பசி ஒண்ணாம் தேதி திறக்கலாமா?

பனையோலை:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு உடன்குடி பக்கம். மாமனார் பதநீ காய்ச்சுறவரு. இந்த சீசன்ல காய்ச்சுனது 180 கிலோ பரண்ல கெடக்கு. இதுவரைக்கும் வாட்ஸ்அப்புலதான் யாவாரம், அறுபது எழுபது வீடு இருக்கும். இப்ப சொந்தமா இணையத்தளம் போட்டாச்சு. ஐப்பசி ஒண்ணுல திறந்தா தீவாளி ஆர்டரைப் பிடிச்சிரலாம்னு வீட்டுக்காரர் ஒத்தக்கால்ல நிக்காரு.

உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் கெடச்சிட்டு. படம் எடுத்தாச்சு. ஆன்லைன்ல காசு வாங்கித் தர்ற பேமென்ட் கேட்வே இணைச்சாச்சு. ஊர்ப் பேரால பேர்பெற்ற பொருளுக்குக் குடுக்குற புவிசார் குறியீட்டு முத்திரையும் முகப்புல போட்டாச்சு. அட்டைப்பெட்டி நூறு வாங்கி வச்சிருக்கேன், 30×25×20 சென்டிமீட்டர். ஒரு கிலோவுக்கும் மூணு கிலோவுக்கும் அதேதான். ஜிஎஸ்டி எடுக்கலை. வருசத்துக்கு 40 லட்சத்துக்கு மேல வித்தாத்தான் வேணுமாம், 40 லட்சம் எங்க, நாங்க எங்க! பொருள் கைக்கு வந்த பொறவு காசு குடுக்குற வசதி வச்சாத்தான் ஆர்டர் குவியும்னு தளம் போட்டுக்குடுத்த தம்பி சொல்லுதான்.

எதையாவது விட்டுட்டேனா? அண்ணாச்சிமாரு, அக்காமாரு சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை:
தங்கச்சி, அந்த 40 லட்சக் கணக்கு தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் விக்கிறவங்களுக்கு. வரி உள்ள சரக்கை வெளிமாநிலத்துக்கு வித்தா, விற்பனை எவ்வளவு கம்மியா இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேணும். கருப்பட்டிக்கு ஏது வரின்னு கேப்பீங்க. சில்லறையா நிறுத்துக் கொடுத்தா இல்லைதான். பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிட்டா 5 சதவீதம், 2022 ஜூலை 18லேர்ந்து. ஆன்லைன்ல லேபிள் இல்லாம விக்க வழி இல்லை. அதனால பதிவு கைக்கு வர்ற வரைக்கும் தளத்துல தமிழ்நாட்டு பின்கோடு மட்டும் எடுக்கிற மாதிரி வைங்க. பெங்களூரு மாதிரி வெளிமாநிலமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

முத்திரையை இன்னைக்கே எடுத்துடுங்க. உடன்குடி கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சது நிஜம். ஆனா அந்த ஊர்ல காய்ச்சினாலே முத்திரை போட்டுக்கலாம்னு இல்லை. அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா உங்க மாமனார் தனியாப் பதியணும்.

லேபிள்ல நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, பொட்டலம் கட்டின மாசமும் வருஷமும், முகவரி, புகார் சொல்ல ஃபோன் நம்பர், அந்த உணவுப் பாதுகாப்புப் பதிவோட 14 இலக்க எண், சைவம்னு காட்டுற பச்சைப் புள்ளி எல்லாம் இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. தளத்துலயும் புகாரைக் கவனிக்க ஒருத்தர் பேர் போடணும். புகார் வந்தா 48 மணி நேரத்துக்குள்ள 'கிடைச்சது'ன்னு பதில் போகணும். உங்க பேரையே போடுங்க, வேற யார் எடுக்கப்போறா.

ஈரோட்டுத்தறி:
அக்கா, நான் பெட்சீட் விக்கிறவனுங்க. உங்க பெட்டியப் பாத்ததும் பகீர்னு ஆயிருச்சு. கூரியர்காரங்க எடைய மட்டும் பாக்க மாட்டாங்க. நீளம், அகலம், உயரம் பெருக்கி 5000ல வகுப்பாங்க. உங்க பெட்டிக்கு 15,000, வகுத்தா 3 கிலோ. ஒரு கிலோ கருப்பட்டிக்கு மூணு கிலோ காசு கட்டோணுமுங்க. 20×15×12ல ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்க.

கைக்கு வந்தப்பறம் காசுங்கிறது வேண்டவே வேண்டாமுங்க. வாங்காம திருப்பி விட்டா போற கூலி, வர்ற கூலி ரெண்டும் நம்ம தலைலதான். பெட்சீட்டுன்னா மடிச்சு மறுபடி விக்கலாம். உங்க சரக்கு பதினஞ்சு நாள் எந்தக் குடோன்ல கெடந்து வருமோ.

இன்னொண்ணு, வெக்கத்த உட்டுச் சொல்றேன். நான் கடை தொறந்தன்னைக்கு பேமென்ட்டு சோதனை முறையிலயே இருந்துச்சுங்க. காசு கட்டற எடத்துல பேங்க் பக்கத்துக்குப் பதிலா 'சக்சஸ்', 'ஃபெயிலியர்'னு ரெண்டு பொத்தான். சனம் எதை அமுக்கும்? பதினோரு ஆர்டர், பத்துப் பைசா வரலீங்க! நாலு பார்சல் கட்டினப்பறந்தான் எனக்கே உறைச்சுது. நீங்க மொதல்ல உங்க காசுல நெசமா ஒரு ஆர்டர் போட்டு, அது பேங்குக்கு வந்து சேந்துச்சான்னு பாத்துட்டுத் தொறங்க. கேட்வேக்காரங்க சுமாரா 2 சதவீதம் புடிப்பாங்க, அந்தப் புடிக்கிற காசு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. விலை போடறப்ப அதையும் சேத்துக்கங்க.

கடலோரத்தான்:
தாயி, நம்ம பக்கத்து ஆளா இருந்துக்கிட்டு ஐப்பசியில கருப்பட்டிக் கடை திறக்கேன்னு சொல்லுதியே! அடைமழைக் காத்துல பரண்ல இருக்குறதே இளகும். ஆச்சிமாரு என்னத்துக்கு அதை அடுப்புக்கு மேல பரண்ல ஏத்தி வச்சாவ? திறக்க முந்தி நாலு ஊருக்கு வெள்ளோட்டம் அனுப்பிப் பாரு. போய்ச் சேர்ந்த நெலமையை அவியளையே படம் எடுத்து அனுப்பச் சொல்லு.

படத்தையும் மாத்து. பளபளன்னு மினுக்கி வச்சிருக்கான் தளம் போட்ட அந்தத் தம்பி. சிரட்டைத் தழும்பு தெரியணும், உடைச்ச பக்கம் தெரியணும். ஒண்ணு கருப்பா, ஒண்ணு செம்பட்டையாத்தான் இருக்கும்னு எழுதியும் போடு. இல்லைன்னா வந்தது வேற சரக்குன்னு சண்டைக்கு வருவாவ.

பனையோலை:
மூணு வாரம் கழிச்சு வாரேன். முத்திரையை எடுத்தாச்சு, ஜிஎஸ்டிக்கு எழுதிப் போட்டாச்சு. வெள்ளோட்டம் சென்னைக்கு ரெண்டு, கோயம்புத்தூருக்கு ரெண்டு. ஊருக்கு ஒண்ணு ஓலைப்பெட்டியில, இன்னொண்ணு காத்துப் புகாத கவர்ல. ஓலைப்பெட்டிதான் நம்ம அடையாளம்னு நான் பிடிவாதமா இருந்தேன். கோயம்புத்தூர் சித்தி அனுப்புன படத்தைப் பாத்தா, பெட்டி அடியில மை கொட்டுன மாதிரி பாகு எறங்கி அட்டையெல்லாம் ஊறிப்போய்க் கெடக்கு. கவர்ல போனது விளிம்பு கூட நலுங்காமப் போய்ச் சேர்ந்துட்டு. இனி கவர்தான். கேக்குறவங்களுக்கு வெறும் ஓலைப்பெட்டியைத் தனியா மடிச்சு உள்ள வைக்கப்போறேன்.

பெரிய பெட்டி நூறையும் என்ன செய்யன்னு தெரியலை. மூணு கிலோ ஆர்டர் வந்தா உண்டு.

ஐப்பசியில பழைய அறுபது வீட்டுக்கு மட்டும் இணைப்பை அனுப்புதேன். ஊரறியத் திறக்குறது தை பொறந்த பொறவுதான். வீட்டுக்காரருக்கு வருத்தம்தான், அதுக்கென்ன செய்ய.

நேத்து நானே 100 ரூவாய்க்கு ஆர்டர் போட்டுப் பாத்தேன். தறி தம்பி சொன்ன ரெண்டு பொத்தானும் வரலை. கணக்குல வந்து சேரப்போறது 97 ரூவா 64 பைசான்னு காட்டுது. மாமனார்ட்ட காட்டுனேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரெண்டு தரம் பாத்துட்டு, "மிச்ச ரெண்டே கால் ரூவாயை யாரு தின்னா?"ன்னு கேக்காரு.