அலுவலக வைஃபை: விருந்தினர் கருவிகளுக்கு ஐ.பி. கிடைப்பதில்லை, ஊழியர்களின் ஆண்ட்ராய்டு இணைவதில்லை

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு வைட்ஃபீல்டில் உள்ள எங்கள் அலுவலகத்தில் ஊழியர்களுக்கு ஒன்றும் விருந்தினர்க்கு ஒன்றுமாக இரண்டு வைஃபை இணைப்புகள் உள்ளன. நாள்தோறும் ஏறத்தாழ 60 விருந்தினர் கருவிகள் வந்துபோகின்றன. நண்பகலுக்குள் புதிதாக வருபவரின் கைப்பேசி ‘ஐ.பி. முகவரி பெறப்படுகிறது’ என்பதோடு நின்றுவிடுகிறது, உள்நுழைவுக்கான ஓ.டி.பி. பக்கமே திறப்பதில்லை. ரேண்டம் மேக் முகவரிதான் (கைப்பேசி தன் உண்மையான அடையாள எண்ணுக்குப் பதில் காட்டும் மாற்று எண்) காரணமோ என ஐயுறுகிறேன். விருந்தினர்க்கு /24 ஐ.பி. வரம்பு ஒதுக்கியுள்ளோம்; கருவிகளுக்கு ஐ.பி. முகவரியைத் தானாக வழங்கும் டி.எச்.சி.பி. சேவை விண்டோஸ் சர்வரில் இயங்குகிறது.

ஊழியர் இணைப்பில் வேறு சிக்கல். பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் சர்வரின் சான்றிதழை ‘சரிபார்க்க வேண்டாம்’ என்று வைத்து இணைக்கிறோம். புதியவற்றில் அந்தத் தேர்வே இல்லை, ‘டொமைன்’ கேட்கின்றன. அங்கே, இணைபவரைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரின் ஐ.பி. முகவரியை இட்டும் பயனில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:

எதற்கெடுத்தாலும் ரேண்டம் மேக் மீது பழி போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆண்ட்ராய்டும் ஐபோனும் பொதுவாக ஒரு வைஃபை பெயருக்கு ஒரே ரேண்டம் முகவரியைத்தான் வைத்துக்கொள்கின்றன, மணிக்கொருமுறை மாற்றுவதில்லை. லீஸ் காலத்தை, அதாவது ஒரு கருவிக்கு முகவரி ஒதுக்கப்படும் காலத்தை, பாருங்கள். விண்டோஸ் டி.எச்.சி.பி.யில் அது மாற்றப்படாதவரை 8 நாட்கள். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனவரின் முகவரியும் அதுவரை விடுபடாது. 8 நாட்களில் 6 வேலை நாட்கள் வந்தாலே 360 கருவிகள். /24 வரம்பில் இருப்பதோ 254 முகவரிகள். விருந்தினர் வரம்புக்கு மட்டும் லீஸை 2 மணி நேரமாகக் குறையுங்கள். ஏற்கெனவே வழங்கிய லீஸ்கள் பழைய காலக்கெடுவிலேயே நீடிக்கும் என்பதால் அவற்றைக் கையால் நீக்கவேண்டும்.

மறுமொழி 2:

ஆண்ட்ராய்டு 11 காலத்திலிருந்து அந்தத் தேர்வு நீக்கப்பட்டுவந்தது, நல்லதற்கே. சான்றிதழைச் சரிபார்க்காத கைப்பேசி, வாகன நிறுத்துமிடத்தில் யாரோ உங்கள் வைஃபை பெயரிலேயே வைத்த போலி ஆக்ஸஸ் பாயின்டிலும் (வைஃபை தரும் கருவி) தயங்காமல் இணைய முயலும். அப்போது கடவுச்சொல்லை உடைக்கப் போதுமான தரவு அவர் கைக்குப் போய்விடும். ‘டொமைன்’ கட்டத்தில் ரேடியஸ் சான்றிதழில் உள்ள சர்வர் பெயரையே இடவேண்டும், ஐ.பி. முகவரி அதனுடன் பொருந்தாது. சான்றிதழ் உங்கள் சொந்த சி.ஏ. (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) வழங்கியது எனில், அந்த சி.ஏ. சான்றிதழையும் கைப்பேசியில் வைஃபை சான்றிதழாக நிறுவவேண்டும். இதை ஒவ்வொருவரும் தட்டச்சு செய்யும்படி விடாமல், கைப்பேசிகளை மையமாக நிர்வகிக்கும் எம்.டி.எம். மென்பொருள் வழியே சான்றிதழ், சர்வர் பெயர், வைஃபை பெயர் மூன்றையும் ஒரே ப்ரொஃபைலாக அனுப்புங்கள். பழைய கைப்பேசிகளுக்கும் அதையே அனுப்புவது நல்லது.

கேட்டவர்:

மிக்க நன்றி. டி.எச்.சி.பி. பட்டியலில் சென்ற வாரம் வந்தவர்களின் கருவிகள் வரிசையாக நின்றன. அவற்றை நீக்கியதும் வரவேற்பறையில் காத்திருந்தவர்க்கு ஓ.டி.பி. பக்கம் திறந்தது. சான்றிதழில் உள்ள பெயரை இட்டதும் புதிய ஆண்ட்ராய்டும் இணைந்துவிட்டது. எம்.டி.எம். ப்ரொஃபைலை முதலில் கணக்குப் பிரிவுக்கு அனுப்பிப் பார்க்கப் போகிறோம்.

மறுமொழி 1:

ஒன்று விட்டுப்போயிற்று. லீஸ் குறைந்தால் ஒரே ஐ.பி. ஒரு நாளில் பலரிடம் கைமாறும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 28.4.2022 அன்று வெளியிட்ட உத்தரவு பதிவுகளை 180 நாட்கள் பேணச் சொல்கிறது; எனவே டி.எச்.சி.பி. பதிவையும் ஓ.டி.பி. பதிவையும் நேரத்துடன் சேமியுங்கள். இந்தப் பதிவுகளை எழுதும் இரண்டு சர்வர்களின் கடிகாரமும் ஒத்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.