அழற்சியை மூட்டுவதும் அணைப்பதும் ஒரே குடும்பமா?

உப்புவெளிப்பொடியன்:
போன கிழமை இரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்குக் கால் பெருவிரல் வீங்கி, போர்வை நுனி பட்டாலே கத்துகிறார். அன்று மத்தியானம் கணவாய்க்கறியும் இறாலும், சொல்லவா வேண்டும். கௌட், அதாவது யூரிக் அமிலம் மூட்டில் பளிங்காகப் படிகிற வருத்தம் என்று கொல்கிசின் மாத்திரை கொடுத்தார்கள். என் கேள்வி வேறு. உயர்தர உயிரியலில் சைட்டோகைன்களை, கலங்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல விடுகிற புரதங்களை, ஒரு வரியோடு முடித்துவிட்டார்கள். கம்பஸில் படிக்கிற மச்சாள் சொல்கிறா, அதில் இன்டர்லூக்கின்-1 என்கிற ஒரு குடும்பத்திலேயே அழற்சியைக் கிளப்புகிறதும் இருக்காம், தடுக்கிறதும் இருக்காம். உண்மையா? ஒரே குடும்பத்துக்கு எதற்கு இரண்டு வேலை?

ஆய்வுகூடப்பூனை:
உண்மைதான் தம்பி, அந்தக் குடும்பத்தில் 11 பேர். அப்பாவின் விரலில் ஆடுவது இன்டர்லூக்கின்-1 பீட்டா. யூரிக் அமிலப் பளிங்கை மக்ரோபேஜ் என்கிற காவல் கலம் விழுங்கும், ஆனால் செமிக்காது. உடனே உள்ளே என்எல்ஆர்பி3 என்கிற புரதக்கூட்டம் சேர்ந்து கஸ்பேஸ்-1 நொதியத்தை எழுப்பும், அந்த நொதியம் சும்மா முழுநீளத்தில் கிடந்த பீட்டாவை வெட்டி வேலைக்கு அனுப்பும். வெட்டும்வரை அதால் ஒரு தொல்லையும் இல்லை. வெளியே வந்தால் இரத்தக்குழாய் விரியும், நியூட்ரோபில் என்கிற வெண்கலங்கள் குவியும், அந்தச் சிவப்பும் சூடும் அதுதான். மூளைக்குச் சேதி போனால் காய்ச்சல்.

தடுக்கிறவருக்குப் பெயர் இன்டர்லூக்கின்-1 வாங்கி எதிரி. வாங்கி என்றால் சேதியைப் பிடிக்கக் கலத்தின் மேலே இருக்கிற புரதம். மூதூர் இறங்குதுறையை யோசியுங்கள், படகைக் கட்டினால் மட்டும் போதாது, கரையில் ஒருவர் கைகொடுத்தால்தான் மூட்டை இறங்கும். பீட்டா வாங்கியில் கட்டினால் துணைப்புரதம் ஒன்று ஓடிவந்து கைகொடுக்கும். எதிரி கட்டினால் அது வராது. மூட்டையும் இறங்காது, பீட்டாவுக்கு இடமும் இல்லை. ஆனால் ஒரு கலத்தில் இருக்கிற வாங்கிகளில் ஒரு சிலதைப் பீட்டா பிடித்தாலே போதும், கலம் முழுக்க ஆட்டம் காணும், அதனால் எதிரி பல மடங்கு வேண்டும்.

சல்லிக்கரை:
பூனை விட்டதைச் சொல்கிறேன். அந்த எதிரி இல்லாமல் பிறக்கிற பிள்ளைகளைப் பற்றி 2009 இல் எழுதினார்கள். கிருமி ஒன்றுமில்லாமலே தோலெல்லாம் சீழ்க்கொப்புளம், எலும்பிலும் அழற்சி. அனகின்ரா ஊசி போட அடங்கியது. அது வேறொன்றுமில்லை, ஆய்வுகூடத்தில் செய்த அதே எதிரிதான், 2001 இலேயே முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மருந்து. அதற்காக அழற்சியே வேண்டாம் என்று நினைக்காதீர்கள், முழுக்க அடக்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

உப்புவெளிப்பொடியன்:
அப்ப கொல்கிசின் எங்கே பிடிக்கிறது?

ஆய்வுகூடப்பூனை:
கலத்துக்குள் இருக்கிற நுண்குழாய்களைக் குலைக்கும். நியூட்ரோபில் ஓடித்திரிய முடியாது, அந்தப் புரதக்கூட்டமும் ஒழுங்காகச் சேராது. பளிங்கு மட்டும் அங்கேயே கிடக்கும், யூரிக் அமிலத்தைக் குறைக்கிற மருந்து வேறு, அதை டொக்டரிடம் கேளுங்கள். நோகிறது என்று கொல்கிசினைக் கூட்டிக் குடிக்க விடாதீர்கள், அளவு தாண்டினால் நஞ்சு.

உப்புவெளிப்பொடியன்:
சரி அக்கா. அப்பா கேட்கச் சொல்கிறார், கணவாயை விட்டால் சூடை மீன் சாப்பிடலாமாம்?

சல்லிக்கரை:
சூடை அதைவிட மோசம் என்று சொல்லுங்கோ.