மினூஸ்: பூனை சொன்னால் அது செய்தியா?

மதில்மேல்:
நேற்று பிள்ளைகளோடு ‘மினூஸ்’ பார்த்தேன். 2001இல் வந்த டச்சுப் படம். ஆனி எம். ஜி. ஷ்மிட் 1970இல் எழுதிய சிறுவர் நாவல்தான் மூலம். ஒரு பூனை பெண்ணாக மாறி, டிப்பெ என்கிற கூச்ச சுபாவமுள்ள நிருபரிடம் வந்து சேர்கிறது. ஊர்ப் பூனைகள் கூரைமேல் பேசுவதைக் கேட்டு அவனுக்குச் செய்தி கொண்டுவருகிறாள் மினூஸ். படம் பிடித்தது, அந்தப் பத்திரிகை ஆசிரியர் மேல்தான் கோபம் தீரவில்லை. ஊரே கொண்டாடும் ஆலை முதலாளி எல்லெமேட்டின் வண்டவாளத்தை எழுதியவனை வேலையை விட்டுத் தூக்குவாரா?

பிழைதிருத்தி:
தூக்கத்தான் வேண்டும். பத்து வருடம் செய்தி மேசையில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன். மீன்கடையை இடித்துத் தள்ளியது எல்லெமேட்தான் என்பதற்குச் சாட்சி யார்? பூனைகள். அதை டிப்பெயால் வெளியே சொல்லக்கூட முடியாது. பெயர் போட்டு எழுதிவிட்டுக் கையை விரித்தால் எந்த ஆசிரியர் பொறுப்பார்?

மதில்மேல்:
அவன் எழுதியது உண்மைதானே ஐயா?

பிழைதிருத்தி:
உண்மை என்று நமக்குத் தெரியும், நாம் படம் பார்க்கிறோம். ஆசிரியருக்கு? ஷ்மிட்டே போருக்குப் பிறகு ‘ஹெட் பரோல்’ நாளிதழில் வேலை பார்த்தவர். பத்திரிகை அலுவலகம் எப்படி நடக்கும் என்று தெரிந்துதான் டிப்பெயை ஆதாரத்துக்கு அலையவிடுகிறார்.

மதில்மேல்:
நல்ல ஆளை இழுத்தீர்கள்! அதே ‘ஹெட் பரோல்’ ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது தலைமறைவாக அச்சான பத்திரிகை. சாட்சி யார் என்று அன்று வெளியே சொல்லியிருந்தால் அந்த ஆளின் உயிரே போயிருக்கும்.

பிழைதிருத்தி:
வெளியே சொல்லாமல் இருப்பது வேறு, ஆசிரியருக்கே தெரியாமல் இருப்பது வேறு. சரி, கடைசியில் சிக்கவைப்பது எது? பூனைகள் எல்லெமேட்டைச் சீண்டுகின்றன, அவர் கொடுமைப்படுத்துவதைச் சிறுமி பீபி புகைப்படம் எடுக்கிறாள், அது ஊரார் முன் திரையில் தெரிகிறது. பூனையை அடித்தவர் என்று நிரூபித்தாயிற்று. மீன்கடையை இடித்தவர் என்று எங்கே நிரூபித்தார்கள்?

மதில்மேல்:
அந்த மனிதர் விலங்கு நண்பர்கள் சங்கத்தின் தலைவர்! பீபியின் புகைப்படம் உடைத்தது அந்த வேஷத்தை. ‘எல்லெமேட் ஐயா அப்படிச் செய்வாரா’ என்பதுதானே அதுவரை ஊரின் வாதம்?

இருமகளம்மா:
இரண்டு பேரும் குழந்தைகள் படத்தை நீதிமன்றத்துக்கு இழுத்துவிட்டீர்கள். மினூஸாக நடித்த கரீஸ் வான் ஹவுட்டனைப் பற்றி ஒரு வரி உண்டா? ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ சிவப்புச் சூனியக்காரியேதான். நாயைக் கண்டால் மரமேறுவதும் அட்டைப் பெட்டியில் சுருண்டு படுப்பதும்... வாலும் காதும் ஒட்டாமல் அச்சு அசல் பூனை. சும்மாவா 2002இல் இந்தப் படத்துக்காக அவருக்கு நெதர்லாந்தின் தங்கக் கன்று திரைப்பட விருது கொடுத்தார்கள்?

பிழைதிருத்தி:
நடிப்பில் எனக்கு மறுப்பே இல்லை அம்மா. ஆனாலும் அந்தச் செய்தி என் மேசைக்கு வந்திருந்தால் நிறுத்தித்தான் வைத்திருப்பேன்.

மதில்மேல்:
எத்தனை நாள்? எல்லெமேட் அடுத்த கடையை இடிக்கும் வரைக்குமா?

இருமகளம்மா:
போச்சு, மறுபடியும் ஆரம்பம். என் சின்னவள் வாஷிங் மெஷின் வந்த பெட்டிக்குள் போய்ப் படுத்துவிட்டாள், மியாவ் என்று கூப்பிட்டால்தான் சாப்பிட வருவாளாம். நான் போகிறேன்.