பைசாந்தியப் பட்டங்களைத் தமிழில் எப்படி எழுதுவது?

வணக்கம் நண்பர்களே, பைசாந்தியப் பேரரசைப் (கிழக்கு ரோமானியப் பேரரசு) பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன், அரசவைப் பட்டங்களிடம் வந்து நின்றுவிட்டேன்.

1081இல் அலெக்சியோஸ் கொம்னெனோஸ் அரியணை ஏறியபோது, பேரரசருக்கு அடுத்த நிலையில் இருந்த 'சீசர்' பட்டத்தைத் தன் அக்கா கணவர் மெலிசெனோசுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார், ஆனால் அண்ணன் ஐசக்கை அதற்குக் கீழே வைக்க மனமில்லாமல், இரண்டு சொற்களை ஒட்டி 'செபாஸ்டோக்ராட்டோர்' என்று புதுப் பட்டமே உருவாக்கி சீசருக்கு மேலே உட்கார வைத்தார். இதை 'இளவரசர்' என்று எழுதினால் அந்தக் கதையே போய்விடும்.

அப்புறம் 'பாராகொய்மோமெனோஸ்'. பேரரசரின் பக்கத்தில் உறங்குபவர் என்பதுதான் நேர்ப்பொருள், பெரும்பாலும் விதையகற்றப்பட்ட அரண்மனை ஆண்கள் (திருநங்கையர் அல்ல) வகித்த பொறுப்பு. 'பள்ளியறைக் காவலர்' சரியாக இருக்குமா?

வெறும் கௌரவத்துக்குத் தருவதைப் 'பட்டம்' என்றும், வேலையோடு வருவதைப் 'பதவி' என்றும் பிரித்திருக்கிறேன், பைசாந்தியர்களும் அப்படித்தான் பிரித்தார்கள். பெயர்களை ஒலிபெயர்த்து அடைப்புக்குறியில் பொருள் தரலாமா, முழுக்கத் தமிழாக்கலாமா? வரலாற்று மொழிபெயர்ப்பில் பழக்கமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.