புதுப்பிப்பு: சதுரகிரி ஏறி இறங்கியாயிற்று

மழை பெய்த வாரத்தில் தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஏறி ஒரே பகலில் திரும்ப முடியுமா, ஓடைகளைக் கடக்க முடியுமா என்று இங்கே கேட்டிருந்தேன். முடிந்தது. பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

விடியற்காலையிலேயே அடிவாரம் போய்ச் சேருங்கள் என்றவர்களின் பேச்சுதான் பெரிதும் உதவியது. மலையில் இரவு தங்க அனுமதி இல்லை. அதனால் பொழுது சாய்வதற்குள் இறங்கியாக வேண்டும். வனத்துறைச் சோதனையில் பிளாஸ்டிக் பைகளைக் கொண்டுபோக விடவில்லை. புலிகள் காப்பகக் காடு, அது நியாயமே.

இனி ஓடைகள். மாங்கனி ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். சங்கிலிப்பாறை அருகே முழங்காலைத் தொட்டது, இழுப்பும் இருந்தது. மாமா முன்னே போனார். கையில் தடி, ஓட்டத்தை எதிர்நோக்கிய முகம், ஒரு கால் ஊன்றிய பிறகே மறுகால். பாசி படிந்த பாறைமேல் ஏறாமல் தண்ணீருக்குள் கூழாங்கல் தரையில் நடந்தோம். மெதுவாகத்தான் நகர முடிந்தது, ஆனால் யாரும் வழுக்கவில்லை. அடிவாரத்தில் வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை சட்டென்று இறங்கிவிடும். 2015 மே மாதம் அப்படி வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். தண்ணீர் கலங்கினாலோ சருகு அடித்து வந்தாலோ கரையிலேயே நில்லுங்கள், வனக்காவலர் சொன்னால் திரும்பிவிடுங்கள்.

கோரக்கர் குகைக்குப் பிறகு வந்த ஏற்றம் மூச்சு வாங்கவைத்தது. சுந்தர மகாலிங்கத்தைக் கண் நிறையத் தரிசித்தோம். இறங்கும்போதுதான் முழங்கால் வலி. அம்மாவை அழைத்துப் போகலாமா என்று கேட்ட நண்பரே, மழை ஓய்ந்து ஓடை வடிந்த பிறகு போங்கள்.