ஹதீஸ்கள் பற்றி ஷாக்ட் சொன்னதுதான் முடிவா?

கேள்வி:
அஸ்ஸலாமு அலைக்கும். வரலாறு முதுகலை படிக்கும் என் மகள், மேற்கத்திய ஆய்வாளர் ஜோசப் ஷாக்ட் 1950இல் வெளியிட்ட நூலின் சில பக்கங்களை என் முன் வைத்தாள். சட்டம் தொடர்பான ஹதீஸ்களில் (நபிமொழிகளில்) பெரும்பாலானவை பிற்காலத்தில் உருவானவை, அறிவிப்பாளர் தொடர், அதாவது யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற பெயர் வரிசை, நபி (ஸல்) அவர்கள் வரை பின்னோக்கி நீட்டப்பட்டது என்கிறார் அவர். “வாப்பா, இதற்கு என்ன பதில்?” என்றாள். அதட்டி வாயடைக்க எனக்கு மனமில்லை. மேற்கத்திய ஆய்வாளர்கள் எல்லோருமே இப்படித்தானா?

பதில் 1:
இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களை நம் இமாம்களே அன்றே களைந்தார்கள். முதலில் அதைச் சொல்லுங்கள்.

பதில் 2:
வ அலைக்கும் ஸலாம் பாய். எல்லோரும் இல்லை. ஜெர்மன் ஆய்வாளர் ஹரால்ட் மோட்ஸ்கியைப் படிக்கச் சொல்லுங்கள். ஷாக்ட் எழுதியபோது அப்துர் ரஸ்ஸாக்கின் (இறப்பு ஹிஜ்ரி 211) ‘முஸன்னஃப்’ என்ற ஹதீஸ் தொகுப்பு அச்சில் இல்லை. 1970களின் தொடக்கத்தில்தான் 11 தொகுதிகளாக வந்தது. பதிப்பித்தவர் இந்திய மார்க்க அறிஞர் ஹபீபுர் ரஹ்மான் அஃழமீ. அதைத்தான் மோட்ஸ்கி வரி வரியாக அலசினார்.

அதில் மக்காவின் இப்னு ஜுரைஜ், தம் ஆசிரியர் அதா இப்னு அபீ ரபாஹிடம் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். அதா பெரும்பாலும் தம் சொந்தக் கருத்தையே சொல்கிறார். நபிமொழியை எடுத்துக்காட்டுவது அரிது. சில செய்திகளை அதாவிடம் நேரில் கேட்கவில்லை, வேறொருவர் வழியாகவே கிடைத்தன என்று இப்னு ஜுரைஜே எழுதிவைக்கிறார். பொய் புனைபவன் இப்படியா புனைவான்? எல்லாவற்றையும் நபியின் பெயரில் ஏற்றிவிட்டுப் போயிருப்பானே! இந்த வாதத்தை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பல தொடர்கள் வந்து கூடும் அறிவிப்பாளரை, செய்தியைப் பரப்பிவிட்டவர் என்று ஷாக்ட் சந்தேகித்தார். அந்த அறிவிப்பாளரை, செய்திகளை முதலில் முறையாகத் திரட்டிக் கற்பித்த ஆசிரியராகப் பார்க்கலாம் என்றார் மோட்ஸ்கி.

கேள்வி கேட்டவர்:
ஜஸாக்கல்லாஹு கைரன். மகளிடம் சொன்னேன். “அதா இறந்தது ஹிஜ்ரி 115 வாக்கில். அதற்கு முன்னால் உள்ள நூறு ஆண்டுகள்?” என்று உடனே திருப்பிக் கேட்கிறாள்.

பதில் 2:
சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். மோட்ஸ்கியின் முறை ஹிஜ்ரி முதல் நூற்றாண்டின் பிற்பகுதி வரை உறுதியாக நடக்கிறது; அதற்கு அப்பால் ஒவ்வொரு செய்தியாகத்தான் பார்க்க வேண்டும். ஒரே செய்தியின் எல்லா வடிவங்களையும் திரட்டி, சொற்களில் உள்ள வேறுபாடு அறிவிப்பாளர் கிளைகளோடு ஒத்துப்போகிறதா என்று அவளையே சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு ஹதீஸ் போதும். ஒரு மாதம் பிடிக்கும்.